1968 ஷெவெல்லுக்குப் புதிய எஞ்சின்: மிச்சிகன் வாசகருக்குப் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் சுருக்கத்தை மற்றவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சிகன் மாநிலம் ராயல் ஓக்கில் வசிக்கும் நீங்கள், ஒஹையோவில் ஒரு பெரியவரிடமிருந்து 1968 ஷெவர்லே ஷெவெல் மாலிபு இரண்டு கதவுக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதில் 307 கன அங்குல வி8 எஞ்சினும் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இருக்கின்றன. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் புகை விடுகிறது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் களம் ஒன்றில் விபத்தான பிக்கப் வண்டியின் 5.3 லிட்டர் எஞ்சினைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். நண்பர்களோ, பெட்டியில் புதிதாக வரும் எல்எஸ்3 எஞ்சினைத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். ஐம்பது ஆண்டு தாண்டிய காரில் புதிய எஞ்சினைப் பொருத்துவது பாவமா, இரண்டில் எது சரி, வீட்டு கேரேஜிலேயே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு உட்வர்டு அவென்யூ வழியாகப் பாண்டியாக் பராசக்தி கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பது உங்கள் ஆசை. என் பதில் முழுவதும் அந்தக் கடைசி வரியை வைத்துத்தான் அமைகிறது.

முதல் கேள்விக்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வாகன அடையாள எண் 136378 என்று தொடங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் இலக்கம் ஷெவர்லேயைக் குறிக்கும். 36 என்பது வி8 பொருத்திய மாலிபு. 37 என்பது இரண்டு கதவு ஸ்போர்ட் கூப்பே. 8 என்பது 1968. 396 கன அங்குல எஞ்சினோடு வந்த உயர்திறன் ஷெவெல்லான உண்மையான எஸ்எஸ் 396 ஆக இருந்திருந்தால் அந்த ஆண்டில் எண் 138 என்று தொடங்கியிருக்க வேண்டும். 1969 முதல் எஸ்எஸ் என்பது கூடுதல் விலைக்குச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தொகுப்பாக மாறிவிட்டதால், அதற்குப் பிந்தைய கார்களில் இந்த எளிய சோதனை பயன்படாது. உங்களுடையது ஆயிரக்கணக்கில் வெளிவந்த குடும்பக் கார். அதன் 307 எஞ்சினைத் தேடி அலையும் சேகரிப்பாளர் எவரும் இல்லை. எனவே எஞ்சினை மாற்றுவதில் தவறேதும் இல்லை. ஆனால் இதே கடிதத்தை அசல் 396 எஞ்சினோடு இருக்கும் எஸ்எஸ் காரின் சொந்தக்காரர் எழுதியிருந்தால், சட்டகத்தில் ஒரு துளைகூடப் போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் காரின் முன்புறத்தில் யாரோ எஸ்எஸ் சின்னத்தை ஒட்டி வைத்திருப்பதாக எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சின்னம் கடையில் கிடைக்கும். அடையாள எண் கடையில் கிடைக்காது.

இரண்டாவது கேள்வியில் நண்பர்களின் பக்கம் நான் இல்லை. எல்எஸ்3 மிக நல்ல எஞ்சின். 2008 கார்வெட்டில் 6.2 லிட்டரில் 430 குதிரைத்திறனோடு வந்தது. ஆனால் 430 குதிரைத்திறனைத் தாங்குவதற்கு உங்கள் காரில் பின் ஆக்சில், பிரேக், எரிபொருள் குழாய், குளிரூட்டி, டயர் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். எஞ்சினுக்கே பணம் தீர்ந்துவிட்டால் மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடத் தோன்றும். எங்கள் பட்டறைக்குப் பாதியில் நின்று இழுத்துவரப்படும் கார்களில் பெரும்பாலானவை இப்படி ஒத்திப்போட்டவர்களுடையவை. 5.3 எஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1997 கார்வெட்டில் எல்எஸ்1 என்ற பெயரில் அலுமினிய பிளாக்கோடு அறிமுகமான வடிவமைப்பை, 1999 முதல் பிக்கப் வண்டிகளுக்காக வார்ப்பிரும்பு பிளாக்கில் செய்தார்கள். ஆண்டுக்கு ஏற்றபடி 270 முதல் 295 குதிரைத்திறன் வரை தந்த எஞ்சின் அது. உங்கள் 307-க்கு 200 குதிரைத்திறன் என்று அந்தக் காலத்து விளம்பரத்தில் இருப்பதைப் பார்த்து, வித்தியாசம் எண்பதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். 1972-க்கு முன்பு அமெரிக்க நிறுவனங்கள் ஆல்டர்னேட்டர், மின்விசிறி, காரின் புகைக்குழாய் அமைப்பு ஆகியவை இல்லாமல் எஞ்சினை மேடையில் ஓட்டி அளந்த எண்ணையே விளம்பரத்தில் போட்டார்கள். இன்றைய எண் எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் அளந்தது. சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியை ஒப்பிட்டால், 5.3 உங்கள் காரை முற்றிலும் வேறொரு காராக்கிவிடும். எடையும் அதிகரிக்காது, பிளாக் இரும்பாக இருந்தாலும் அதன் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுகள் அலுமினியம்.

ஆகவே 5.3-ஐ வாங்குங்கள். ஆனால் களத்தில் பணம் கொடுப்பதற்கு முன்பு சிலவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த பிக்கப்பின் அடையாள எண்ணில் எட்டாவது இடத்தில் ஆங்கிலத்தின் இருபதாம் எழுத்தான டி இருந்தால், அது எல்எம்7 என்ற பழகிய 5.3. 2007-க்குப் பிறகு வந்த பல 5.3 எஞ்சின்களில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக நான்கு சிலிண்டர்களை அணைத்துவிடும் ஏற்பாடு உண்டு. அதில் வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்கள் பழுதாவது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதி என்பதால், முதல் முயற்சிக்கு அதைத் தவிருங்கள். ஹெட்டின் ஓரத்தில் 706 என்ற வார்ப்பு எண்ணும், அதனுடன் காஸ்டெக் என்ற வார்ப்பாலையின் முத்திரையும் இருந்தால் வால்வ் கவரைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அந்த ஹெட்டுகளில் சில உட்புறம் விரிசல் கண்டு, கூலன்ட் துளித்துளியாக ஆயிலில் இறங்கும். வால்வ் ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒரு பகுதி மட்டும் கழுவியது போல் வெளுத்தோ, பால் நிறக் குழம்பு படிந்தோ இருந்தால் விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

எஞ்சினைத் தனியாக வாங்காமல், அதே வண்டியின் கியர்பாக்ஸ், கம்ப்யூட்டர், முழு ஒயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், சென்சார்கள், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகக் கேளுங்கள். இந்த எஞ்சின் குடும்பத்தில் கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியைக் கணக்கிடும் பல்சக்கரம் முந்தைய எஞ்சின்களில் ஒரு விதமாகவும் பிந்தையவற்றில் வேறு விதமாகவும் இருக்கும். ஒன்றின் கம்ப்யூட்டர் மற்றொன்றின் எஞ்சினைப் புரிந்துகொள்ளாது. 2003 வாக்கில் த்ராட்டில் கேபிளும் போய், பெடலிலிருந்து மின்சைகை செல்லும் முறை வந்துவிட்டதால், பெடலும் கம்ப்யூட்டரும் ஜோடி தவறினால் எஞ்சின் வேகமெடுக்காது. மற்றொன்று, மிச்சிகனில் உடைபடும் பிக்கப்புகளில் நான்கு சக்கர இயக்கம் கொண்டவை நிறைய. அவற்றின் கியர்பாக்ஸின் வால்பகுதி, முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய்ச் செருகும்படி அமைந்தது. உங்கள் காரின் புரொப்பெல்லர் ஷாஃப்டை அதில் நேராக மாட்ட முடியாது. இரு சக்கர இயக்க வண்டியின் 4எல்60இ கியர்பாக்ஸ்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். எஞ்சினை வாங்கும் முன்னரே, காரை நான்கு உறுதியான ஸ்டாண்டுகளில் ஏற்றி, ஒரு சிறிய சுத்தியலும் கூரிய திருப்புளியும் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துவிடுங்கள். ஷெவெல் தனிச் சட்டகத்தின் மேல் உடல் அமர்ந்த கார். கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிளுக்கும், பிக்கப் வடிவிலான எல் கமினோவுக்கும் பக்கச் சட்டங்கள் நான்கு புறமும் மூடியவை. உங்களுடைய கூப்பேயின் பக்கச் சட்டங்களோ ஒருபுறம் திறந்த கால்வாய் போன்றவை. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு கலந்த சேறு அந்தக் கால்வாயின் கீழ் உதட்டில் படிந்து, ஆண்டுக்கணக்கில் காயாமல் இருந்து இரும்பைத் தின்றிருக்கும். மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சட்டம் நெடுகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். மந்தமான இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்துங்கள். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சட்டகம் வளைந்து ஏறும் பகுதி, பின்புறக் கட்டுப்பாட்டுக் கைகள் பொருந்தும் குறுக்குச் சட்டம், உடலையும் சட்டகத்தையும் இணைக்கும் ரப்பர் தாங்கிகளின் இடங்கள் ஆகிய மூன்றிலும் நிதானமாகப் பாருங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால், அந்த இடம் வெட்டியெடுக்கப்பட்டு அதே தடிமனுள்ள தகடு வைத்து வெல்டிங் செய்யப்படும் வரை எஞ்சின் பேச்சையே எடுக்காதீர்கள். மேலே ஒரு பட்டையை ஒட்டி மூடும் வேலையை ஏற்காதீர்கள்.

அதோடு டிக்கியின் விரிப்பை நீக்கிப் பாருங்கள். பின் கண்ணாடியின் கீழ்விளிம்பு துருப்பிடித்தால் மழைநீர் அந்த வழியே டிக்கிக்குள் இறங்கித் தேங்கும். அந்தத் தரைக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டைகள் தொங்குகின்றன. கூரையில் வினைல் உறை இருந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். பிறகு சட்டகம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இருபுறமும் ஒத்த இடத்தில் உள்ள துளைகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால், கொத்தனார் கட்டடத்துக்கு மூலைமட்டம் பார்ப்பது போலத்தான், எங்கே கோணல் என்பது உடனே தெரிந்துவிடும். அளவுகள் தொழிற்சாலையின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளன. அதன் மறுபதிப்பு எளிதாகக் கிடைக்கும். சட்டகம் நன்றாக இருந்தால் உடலைக் கழற்றி மேலே தூக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். எஞ்சினை மாற்றுவதற்கு அது தேவையே இல்லை. வீட்டு கேரேஜில் உடலையும் சட்டகத்தையும் பிரித்தவர்களில் மறுபடி சேர்த்தவர்கள் சிலரே.

அடுத்தது பிரேக். உங்கள் காரில் நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம்கள்தான் இருக்கும். முன் டிஸ்க் அன்று கூடுதல் விலைக்குக் கிடைத்த வசதி. ஒருமுறை வேகமாக நிறுத்தினால் டிரம் நிற்கும். சூடேறிய பிறகு அடுத்தடுத்து மிதித்தால் பிடிமானம் தளர்ந்துவிடும், மழையில் நனைந்தால் ஒருபுறம் இழுக்கும். முன்புறம் டிஸ்க், அதற்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், முன்பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு ஆகிய அனைத்தும் ஒரே உற்பத்தியாளரின் தொகுப்பாக வாங்கிப் பழைய எஞ்சின் இருக்கும்போதே பொருத்திவிடுங்கள். இரும்புக் குழாய்களையும் ரப்பர் ஹோஸ்களையும் ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். பெரிய டிஸ்க் பழைய பதினான்கு அங்குல வீலுக்குள் அடங்காமல் போகலாம் என்பதால், வீல் வாங்குவதற்கு முன் பிரேக்கைத் தீர்மானியுங்கள். பழைய 307 எஞ்சினோடு புது பிரேக்கில் சில வாரம் ஓட்டினால், அதன் குறைகளும் அதிக வேகம் வரும் முன்பே வெளிப்பட்டுவிடும்.

பிள்ளைகள் உட்காரும் பின் இருக்கையில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். தோள்பட்டைக்கான தாங்கியை உடலின் உறுதியான பகுதியில் வலுவூட்டும் தகடு வைத்து, தெரிந்தவரைக் கொண்டு பொருத்துங்கள். இருக்கைத் துணியின் நிறத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எரிபொருள் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வகை மாற்றங்களில் தீப்பிடித்த கார்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார்புரேட்டருக்கு எஞ்சினில் பொருத்திய பம்ப், சதுர அங்குலத்துக்கு ஐந்து முதல் ஏழு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைத் தரும். 5.3 எஞ்சினின் இன்ஜெக்டர்களுக்கு 58 பவுண்டு வேண்டும். பழைய குழாயும், கிளிப் போட்டு இறுக்கிய பழைய ரப்பரும் இந்த அழுத்தத்தைத் தாங்கவே தாங்கா. மேலும் இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் அந்தக் காலத்து ரப்பரை உள்ளிருந்தே அரித்துவிடும். பம்பை வெளியே சட்டகத்தில் மாட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அது இரைச்சலோடு ஓடிச் சீக்கிரம் சூடேறிச் சாகும். ஷெவெல்லுக்கென்றே பம்பும் உள்தடுப்புகளும் வைத்து விற்கும் புதிய டேங்கை வாங்குங்கள். தடுப்பு இல்லாத டேங்கில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இருக்கும்போது வளைவில் திரும்பினால், எரிபொருள் ஒருபுறம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும்.

அந்தப் பம்புக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது உயிர்நாடியான கேள்வி. தொழிற்சாலையின் ஏற்பாட்டில், சாவியைத் திருப்பியதும் கம்ப்யூட்டர் பம்பை இரண்டு விநாடி ஓட்டி நிறுத்திவிடும்; கிராங்க்ஷாஃப்ட் சுற்றுகிறது என்ற சைகை சென்சாரிலிருந்து வந்தால்தான் மறுபடி ஓட்டும். எஞ்சின் நின்ற கணத்தில் பம்பும் நிற்கும். அவசரக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் பம்பின் ஒயரைச் சாவி சுவிட்சிலேயே இணைத்துவிடுகிறார்கள். வண்டி அப்போதும் நன்றாகத்தான் ஓடும். விபத்தில் குழாய் அறுந்து எஞ்சின் நின்றுபோனால் மட்டும், சாவியை யாராவது அணைக்கும் வரை பம்ப் 58 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோலைச் சாலையில் ஊற்றிக்கொண்டிருக்கும். ஆகவே பம்புக்கு மின்சாரம் தரும் ரிலே சுவிட்ச் கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, டேங்கின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். இரண்டு விநாடியில் ஒலி நிற்கவில்லையென்றால் ஒயரிங் தவறு.

ஒயரிங் என்றதும் எல்லாரும் கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படுகிறார்கள். பழுது வருவது பெரும்பாலும் அங்கே அல்ல, எர்த்தில். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் நிற்கிறது, உடலும் ரப்பரின் மேல் நிற்கிறது. ஆகவே எஞ்சின், சட்டகம், உடல் ஆகிய மூன்றுக்கும் இடையே உலோகத் தொடர்பு தானாக இருப்பதில்லை. பாட்டரியிலிருந்து எஞ்சினுக்கும், எஞ்சினிலிருந்து சட்டகத்துக்கும், இரண்டு ஹெட்டிலிருந்தும் உடலுக்கும் தடித்த செம்புப் பின்னலை, பெயின்ட்டைச் சுரண்டிய வெற்று உலோகத்தில் இறுக்குங்கள். சென்சார் எண்கள் காரணமில்லாமல் குதிக்கின்றன என்று வரும் கார்களில் பாதிக்கு இந்தப் பின்னலைச் சரிசெய்வதே மருந்து. பழைய 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் காலத்து ஒயர்கள் பம்பையும் மின்விசிறிகளையும் தாங்காது என்பதால், ஃப்யூஸ் பெட்டியோடு உடல் ஒயரிங் முழுவதையும் புதிதாகவே போடுங்கள். கம்ப்யூட்டரில் பிக்கப்பின் திருட்டுத் தடுப்புப் பூட்டை நீக்கி, டயர் அளவையும் ஆக்சில் விகிதத்தையும் பதிவுசெய்யும் வேலையை மட்டும் தொழில்முறை டியூனரிடம் விட்டுவிடுங்கள். அது ஒரு பிற்பகல் வேலை. அதைக் கற்றுக்கொள்ள நீங்கள் ஒரு குளிர்காலத்தைச் செலவிட வேண்டியதில்லை.

எஞ்சினை இறக்கும்போது எங்கெங்கே இடிக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பிக்கப்பின் ஆயில் பான் ஆழமானது. முன் குறுக்குச் சட்டத்தோடு மோதும், அல்லது தரைக்கு மிக அருகில் தொங்கும். ஷெவெல் போன்ற சட்டகத்துக்கென்று தயாராகும் பானை வாங்கிப் பொருத்துங்கள். அப்போது ஆயில் உறிஞ்சு குழாயின் ரப்பர் வளையத்தையும் புதிதாக்குங்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த வளையம் கிள்ளுப்பட்டால் எஞ்சின் ஆயிலோடு காற்றையும் குடித்து பேரிங்குகளைத் தேய்த்துவிடும். பிக்கப்பின் ஏசி கம்ப்ரஸர் தாழ்வாக அமர்ந்து வலதுபுறச் சட்டத்தில் இடிக்கும். அதை மேலே தூக்கும் பிராக்கெட் தேவைப்படும். இன்டேக் மேனிஃபோல்டும் உயரமானது, பானெட்டை மூடும் முன் மேலே களிமண் உருண்டைகளை வைத்து மெதுவாக இறக்கி இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். எஞ்சின் தாங்கிகளுக்கு போல்ட்டில் மாட்டும் இணைப்புத் தகடுகள் கிடைப்பதால் சட்டகத்தை எங்கும் வெட்ட வேண்டியதில்லை. ஆறு கியர் மேனுவல் கியர்பாக்ஸ் வேண்டும் என்ற உங்கள் யோசனையை நான் ஆதரிக்காததற்கும் இதுவே காரணம். அதற்குக் காரின் நடுத்தரையை வெட்ட வேண்டும். 4எல்60இ, குறுக்குத் தாங்கியை மாற்றினால் அடங்கிவிடும்.

குளிரூட்டும் அமைப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினின் ஹெட்டுகளிலிருந்து மேலே மெல்லிய குழாய் ஒன்று வரும். கூலன்டில் சேரும் ஆவியும் காற்றும் வெளியேறும் வழி அது. பழைய எஞ்சினில் அப்படி ஒன்று இல்லாததால், எங்கே இணைப்பது என்று தெரியாமல் அதை அடைத்துவிடுபவர்கள் உண்டு. அடைத்தால் ஹெட்டில் காற்று தேங்கி, மீட்டர் இயல்பாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த மூலை மட்டும் கொதிக்கும். அதை ரேடியேட்டரின் மேல்பகுதியில் இணைத்துவிடுங்கள்.

பின் ஆக்சிலைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். 307 கார்களில் வந்த பத்து போல்ட் ஆக்சில் பலமானது அல்ல. ஆனால் சாதாரண டயரும் நிதானமான காலும் இருந்தால் 5.3-க்குச் சில காலம் ஈடுகொடுக்கும். பின்மூடியைத் திறந்து பற்களை எண்ணி விகிதத்தை அறிந்துகொள்ளுங்கள். பிற்காலத்தில் மாற்றும்போது 3.42 விகிதம் நன்றாகப் பொருந்தும்: மணிக்கு 70 மைல் வேகத்தில், ஓவர்டிரைவ் என்ற நெடுஞ்சாலைக் கியர் இல்லாமல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்றுச் சுற்றும், 4எல்60இ-யின் 0.70 கியரில் அது சுமார் 2,100-ஆகக் குறையும். நெடுஞ்சாலையில் உங்கள் மனைவி குரலை உயர்த்தாமல் பேச முடிவது இதனால்தான்.

மிச்சிகனில் புகைச் சோதனையும் இல்லை, வாகனப் பாதுகாப்புச் சோதனையும் இல்லை. வேலை முடிந்த காரின் அடியில் எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்க மாட்டார் என்பதால், பிரேக்கையும் எரிபொருளையும் ஸ்டியரிங்கையும் இந்த வேலையில் சம்பந்தப்படாத வேறொரு மெக்கானிக்கிடம் காட்டிக் கையெழுத்துடன் அறிக்கை வாங்குங்கள். காப்பீட்டின்போதும் அது உதவும். சட்டம் கேட்காவிட்டாலும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் நுழையும்போது பட்டுப்புடவையில் பெட்ரோல் வாடை வீசினால், அடுத்த ஞாயிறு நீங்கள் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

நம்பர் பிளேட் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பழைய கார்களுக்கு மிச்சிகன் தரும் மலிவான ஹிஸ்டாரிக் பிளேட், கார் சங்கக் கூட்டம், கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கானது. உட்வர்டு அவென்யூவில் பெரும் பவனி நடக்கும் ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. வாராவாரம் கோயிலுக்குப் போவது அதில் அடங்காது. எனவே சாதாரண பிளேட்டே எடுங்கள். காப்பீட்டை, காரின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்து, எஞ்சின் மாற்றத்தை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். வழக்கமான பாலிசியில் உங்கள் கார், வெறும் ஐம்பதாண்டுப் பழைய கார் என்ற விலைக்குத்தான் கணக்கிடப்படும்.

வீட்டிலேயே செய்ய முடியுமா என்ற கேள்விக்கு: கழற்றுவது, சுத்தம் செய்வது, பிரேக், எரிபொருள் குழாய், ஒயரிங், எஞ்சினை இறக்குவது ஆகியவற்றைப் பொறுமையுள்ள ஒருவரும் ஒரு நண்பரும் கேரேஜில் செய்யலாம். சட்டக வெல்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தைத் திருத்திச் சமன்செய்வது, டியூனிங் ஆகிய மூன்றையும் வெளியே கொடுத்துவிடுங்கள். செலவுத் திட்டம் போடும்போது எஞ்சின் தொகுப்பின் விலையை மொத்தத்தில் கால்பங்காக வைத்துக்கொண்டு மீதியைக் கணக்கிடுங்கள். அந்தக் கணக்கு உங்களை அதிர வைத்தால், 307-ஐயே பிரித்துச் சீர்செய்து, பிரேக்கையும் துருவையும் மட்டும் பார்த்துக்கொண்டு காரை ஓட்டுவதும் மரியாதையான முடிவுதான்.

முதன்முறை எஞ்சினை ஓட்டும் முன், பம்பின் ரிலேயையும் காயில்களின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்தம் மீட்டரில் ஏறும் வரை ஸ்டார்ட்டரால் இடைவெளி விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஓடத் தொடங்கியதும் கையில் தீயணைப்பானோடு நண்பர் ஒருவர் பானெட்டின் அருகே நிற்கட்டும். ஐம்பது மைல் ஓடிய பின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கடைசியாக, கழற்றிய 307-ஐ விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்க வேண்டாம். வலதுபுற ஹெட்டின் முன்னால், பிளாக்கில் ஒரு சிறு சமதளம் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் அதில் காரின் அடையாள எண்ணின் பிற்பகுதி குத்தப்பட்டிருக்கும். அது உங்கள் எண்ணோடு ஒத்துப்போனால் படமெடுத்து வையுங்கள். ஸ்பார்க் பிளக் துளைகள் வழியே சிறிது ஆயில் விட்டுக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, துளைகளை அடைத்து, கார்புரேட்டர், பவர்கிளைடு, பழைய எஞ்சின் தாங்கிகள், பெயர் எழுதிய பைகளில் போல்ட்டுகள் என எல்லாவற்றையும் சேர்த்து, ஈரமில்லாத மூலையில் மரச்சட்டத்தின் மேல் வைத்துவிடுங்கள். காரை என்றாவது விற்க நேர்ந்தால், வாங்குபவர் முதலில் அந்த மூலையைத்தான் கேட்பார்.